புதுப்பிப்பு: பார்த்தலோமே தீவு ஏற்றம், முழங்கால் தாங்கியது

பசிபிக் கடலில் உள்ள கலாபகஸ் தீவுகளுக்குச் சின்னப் படகில் போகிறேன், அங்குள்ள பார்த்தலோமே தீவின் உச்சிக்கு ஏற என் முழங்கால் தாங்குமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. நல்லபடியாக ஏறி இறங்கிவிட்டேன்.

கைகொடுத்தது, ஏற்காடு கிளியூர் அருவிப் பாதையில் இறங்கிப் பழகச் சொன்ன யோசனைதான். ஞாயிறுதோறும் சேலத்திலிருந்து போய் மெதுவாக இறங்கி ஏறினேன். பார்த்தலோமே உச்சி 114 மீட்டர்தான், பெரும்பாலும் மரப்படிகள். கிளியூருக்குப் பிறகு அது லேசாகவே இருந்தது.

எதிர்பாராதது வெயில். சேர்வராயன் மலையில் சில்வர் ஓக் நிழல் கூடவே வரும். பார்த்தலோமேயில் எரிமலைச் சாம்பலும் குட்டைக் கள்ளியும்தான். தொப்பி, தண்ணீர் கட்டாயம்.

அப்புறம், இறங்குதுறைப் படியில் ஒரு கடற்சிங்கம் மீசையில் நீர் சொட்டப் படுத்திருந்தது. 2 மீட்டர் விலகி நிற்பது அங்கே விதி. அது நகரும்வரை ரப்பர் படகிலேயே காத்திருந்தோம்.