சண்டே படியும் பண்டிகை டபுளும் போச்சு, கையெழுத்து போட்டதே எங்க சங்கம் தான். இன்னா பண்றது?

காட்பாடி மளிகை செக்‌ஷன்:

எல்லாருக்கும் வணக்கம். நான் வேலூர்ல ஒரு பெரிய டிபார்ட்மெண்ட் கடைல ஒம்போது வருஷமா மளிகை செக்‌ஷன்ல இருக்கேன், கடை பேர் வேணாம், ராணிப்பேட்டைலயும் ஆம்பூர்லயும் கிளை இருக்குது. எங்க கடைல சங்கம் இருக்குது. இந்த மாதிரி கடைங்கள்ல சங்கம்னு ஒண்ணு இருக்கறதே அபூர்வம், அது வர்றதுக்கு எவ்ளோ பேர் வேலைய பணயம் வெச்சாங்கன்னு பார்த்தவன் நான், அதனால தான் இத எழுதறதுக்கே மனசு கஷ்டமா இருக்குது.

2021ல போட்ட மூணு வருஷ ஒப்பந்தம் முடிஞ்சு 2024 டிசம்பர்ல புதுசு போட்டாங்க. நோட்டீஸ் போர்டுல ஒரே ஒரு பக்கம் ஒட்னாங்க, மாசம் 1,100 ரூபா சம்பள உயர்வு, சங்கத்தின் வெற்றின்னு. எல்லாரும் கை தட்னோம், நான் வீட்டுக்கு லட்டு வாங்கினு போனேன். ஜனவரி ஸ்லிப் கைக்கு வந்தப்புறம் தான் வயிறு எரிஞ்சுது.

அன்னிக்கு மதியம் குடோன்ல அரிசி மூட்ட மேல உக்காந்துகினு நவம்பர் ஸ்லிப்பையும் ஜனவரி ஸ்லிப்பையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு, எண்ணெய் அட்டப்பெட்டி பின்னாடி பென்சில்ல கணக்கு போட்டேன். நவம்பர்ல சம்பளம் 12,400, சண்டே படி நாளைக்கு 200ன்னு நாலு ஞாயித்துக்கிழமைக்கு 800, ராத்திரி ஸ்டாக் எடுக்கற படி 150 வீதம் நாலு நாள் 600, ஆக 13,800. ஜனவரில சம்பளம் 13,500, சண்டே படி 75 ஆயிடுச்சு அதனால 300, ஸ்டாக் படின்ற லைனே இல்ல. கூட்டிப் பாருங்க, அதே 13,800! இதுல சம்பளம் ஏறினதால பி.எஃப். வேற 132 ரூபா ஜாஸ்தி புடிச்சிருக்காங்க, சரி அது நம்ம காசு தான் பின்னாடி வரும், ஆனா மளிகைக் கடைக்காரன் கைல வந்த காசுக்கு தான சாமான் குடுப்பான்.

பண்டிகை டபுள் கத இன்னும் மோசம். பொங்கல் அன்னிக்கும் ஜனவரி 26க்கும் முன்ன எல்லாம் டபுள் போடுவாங்க, இப்ப அத எடுத்துட்டு "பண்டிகை ஊக்கத்தொகை"ன்னு நாளைக்கு 300. 2025ல 26 ஞாயித்துக்கிழமை வேற. காலைல கடை வாசல்ல கொடி ஏத்துனாங்க, ஆளுக்கு ஒரு மிட்டாய் குடுத்தாங்க, ஷட்டர தூக்குனா ராத்திரி பத்தே கால் வரைக்கும் நின்னுகினே தான் இருந்தோம்.

செக்ரட்டரிய கேட்டா "1,100 ஏறிச்சே, இன்னும் இன்னா வேணும் உங்களுக்கு"ன்றாரு. ஒப்பந்தம் காப்பி கேட்டேன், ஆபீஸ்ல இருக்குது அப்புறம் பார்க்கலாம்னு மூணு தடவ சொல்ட்டாரு. கையெழுத்து போடறதுக்கு முன்னாடி ஒரு பொதுக்குழு இல்ல, ஒரு வார்த்த கேக்கல. நிர்வாகம் குறைச்சிருந்தா கூட இவ்ளோ வலிக்காதுங்க, அவங்க அப்படித்தான்னு விட்டுடலாம்.

பசங்க சங்கத்த விட்டே விலகறோம்னு லெட்டர் எழுதி வெச்சிருக்காங்க, இருவது பேர் கையெழுத்து போட்டாச்சு, எங்கிட்டயும் நீட்றாங்க. ஒப்பந்தம் போட்டுட்டா அவ்ளோதானா? வேற வழியே கெடையாதா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

லாங் பஜார் பில்லிங் அக்கா:

தம்பி, அந்த லெட்டர்ல மட்டும் கையெழுத்து போடாத.

நான் பஜார் பக்கம் ஒரு ஜவுளிக் கடைல பில்லிங்ல இருக்கேன், பதினாலு வருஷம் ஆச்சு, எங்களுக்கு சங்கம் கெடையாது. சண்டே படின்னு ஒண்ணு எங்கனா குடுக்கறாங்கன்றதே நீ எழுதினத படிச்சு தான் எனக்கு தெரியும். 2021ல கடை ஊழியர்களுக்கு உக்கார வசதி செஞ்சு குடுக்கணும்னு நம்ம தமிழ்நாட்டுல சட்டத்த திருத்துனாங்க இல்ல, எங்க கடைல அதுக்காக நாலு ஸ்டூல் வாங்கினாங்க. அந்த நாலு ஸ்டூலும் இன்னிக்கும் புடவ பார்க்க வர்ற கஸ்டமருக்கு தான் போட்டிருக்குது. ஆடித் தள்ளுபடி நேரத்துல எங்க பொண்ணுங்களுக்கு காலு வீங்கி செருப்பு கூட நுழையாது, ஆனா "சார் அந்த ஸ்டூல்"னு கேக்கறதுக்கு எங்க சார்பா ஒரு ஆள் இல்ல. கேட்டவ ஒருத்திய அடுத்த மாசமே குடோனுக்கு மாத்திட்டாங்க.

உங்க செக்ரட்டரி பண்ணது தப்பு தான், நான் இல்லேன்னு சொல்லல. ஆனா இருவது பேர் விலகினா நிர்வாகம் தான் சந்தோஷப்படும். உள்ள இருந்து கேளு. உங்க கடைல பில்லிங் பொண்ணுங்களுக்கு உக்கார சேர் இருக்குதா? இருந்தா அது எப்படி வந்துதுன்னு போய் விசாரிச்சு பாரு.

தோல் ஷாப் ரிட்டயர்டு (ராணிப்பேட்டை):

தோழர், நான் முப்பத்திரண்டு வருஷம் தோல் ஷாப்புல வேலை செஞ்சு, அதுல பாதி காலம் சங்கத்துல இருந்தவன். எனக்குத் தெரிஞ்சத சொல்றேன், பொறுமையா படிங்க.

நீங்க எல்லாத்தையும் ஒரே மூட்டையா கட்டறீங்க, அத பிரிக்கணும். சண்டே படியும் ஸ்டாக் படியும் சட்டத்துல இருந்து வந்தது இல்ல, அது உங்க சங்கம் பேசி வாங்கினது. தமிழ்நாடு கடைகள் நிறுவனங்கள் சட்டம் 1947 வாரத்துல ஒரு முழு நாள் லீவு குடுன்னு தான் சொல்லுது, அது ஞாயித்துக்கிழமையா தான் இருக்கணும்னு இல்ல. அதனால அந்த ரெண்டு படியையும் பேசி வாங்கின மாதிரியே பேசி விட்டுக் குடுக்கவும் சங்கத்தால முடியும், அது நியாயமான்றது வேற கேள்வி.

பண்டிகை டபுள் அப்படி இல்ல! அது தமிழ்நாட்டோட தேசிய, பண்டிகை விடுமுறைகள் சட்டம், 1958. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 நாலும், அதோட அஞ்சு பண்டிகை நாளும் சம்பளத்தோட லீவு. அன்னிக்கு வேலை வாங்கினா ரெண்டு மடங்கு கூலி குடுக்கணும், இல்லேன்னா அந்த நாள் கூலியும் குடுத்து வேற ஒரு நாள் சம்பளத்தோட மாத்து லீவும் குடுக்கணும். எந்த சங்கம் எந்த ஒப்பந்தத்துல கையெழுத்து போட்டாலும் இதுக்குக் கீழ இறக்க முடியாது. உங்க சம்பளம் 13,500ஐ 26ஆல வகுத்தா ஒரு நாளைக்கு 519. ரெண்டு நாளைக்கு சம்பளத்துக்கு மேல 1,038 வந்திருக்கணும், வந்தது 600, ஆக உங்களுக்கு மட்டும் 438 ரூபா பாக்கி. மாத்து லீவு குடுத்தாங்களான்னு மொதல்ல சொல்லுங்க. அப்படியே அஞ்சு பண்டிகைப் பட்டியல்ல பொங்கல் இருக்குதான்னு பாருங்க, அந்தப் பட்டியல கடைல ஒட்டி வெச்சிருப்பாங்க.

ஓ.டி. பத்தி நீங்க எழுதவே இல்ல, அத ஏன் விட்டீங்க? காலைல எத்தன மணிக்கு போனீங்கன்னு சொல்லல ஆனா ராத்திரி பத்தே கால்னா எட்டு மணி நேரத்துக்கு மேல நிச்சயம் இருக்கும். எட்டுக்கு மேல செய்ற ஒவ்வொரு மணிக்கும் கடை சட்டத்துலயே டபுள், அதுவும் ஓ.டி. சேர்த்து ஒரு நாளைக்கு பத்து மணி நேரத்துக்கு மேல வேலை வாங்கக் கூடாது.

இன்னொண்ணு. நிர்வாகம் தானா ஒரு படிய குறைக்கணும்னா இந்த ஒப்பந்தம் போட்டப்ப இருந்த தொழில் தகராறு சட்டத்துல 9ஏன்னு ஒரு பிரிவு இருந்துது (2025 நவம்பர்ல அதுக்கு பதிலா புது சட்டம் வந்துடுச்சு), 21 நாள் முன்னாடி நோட்டீஸ் குடுக்கணும், அதுக்குள்ள தொழிலாளி தகராறு கெளப்பலாம். சங்கத்தோட ஒப்பந்தம்னு வந்துட்டா அந்த நோட்டீஸே தேவையில்ல. அந்தக் கையெழுத்து அவங்களுக்கு எவ்ளோ பெறும்னு இப்ப புரியுதா? அதனால உங்க ஒப்பந்தம் அதே சட்டத்தோட 12(3)ஆ 18(1)ஆன்னு கண்டுபிடிங்க. 12(3)ன்னா லேபர் ஆபீசர் முன்னாடி போட்டது, சங்கத்துல இல்லாதவனையும் கட்டும், நீங்க விலகினாலும் விடாது. 18(1)ன்னா வெளிய ரெண்டு பேர் பேசி போட்டது, கையெழுத்து போட்ட தரப்ப மட்டும் தான் கட்டும். 12(3)ஆ இருந்தா லேபர் ஆபீஸ்ல காப்பி இருக்கும், பத்து ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஆர்.டி.ஐ. போட்டு வாங்கிடலாம், செக்ரட்டரி பின்னாடி அலைய வேணாம்.

சங்கத்தோட கணக்குப் புஸ்தகத்தையும் உறுப்பினர் பட்டியலையும் பார்க்க ஒவ்வொரு உறுப்பினருக்கும் உரிமை இருக்குது, 1926 தொழிற்சங்க சட்டத்துலயே எழுதியிருந்துது. உறுப்பினருக்குன்னு தான் போட்டிருக்கான், விலகிட்டா அந்த உரிமை போச்சு.

கமிட்டில இருந்தவன்:

இது எந்தக் கடைன்னு எனக்கு புரிஞ்சுடுச்சு. நான் அந்தப் பேச்சுவார்த்தைல ஒரு நாள் உக்காந்தவன், அதனால சொல்லாம இருக்க முடியல. நிர்வாகம் மொதல்ல கொண்டாந்தது இன்னா தெரியுமா, ராணிப்பேட்டை கிளைல சாயங்கால ஷிஃப்ட் மொத்தத்தையும் காண்ட்ராக்டுக்கு விடறோம்னு. நாப்பது பேர் வேலை. அதுல பாதி பொம்பளைங்க, வீட்டுக்காரர் இல்லாதவங்க, புள்ளைங்கள படிக்க வெச்சுகினு இருக்கறவங்க. அத தடுக்கத்தான் படில கை வெக்க ஒத்துக்கினோம். 1,100 சம்பளத்துல ஏறினா பி.எஃப்., போனஸ், கிராஜுவிட்டி எல்லாம் அதுமேல கணக்காகும், படி எப்ப வேணா போயிடும். ராத்திரி எல்லாம் தூக்கம் இல்லாம எடுத்த முடிவு அது, காசு வாங்கினு போட்டாங்கன்ற மாதிரி பேசாதீங்க.

காட்பாடி மளிகை செக்‌ஷன்:

அண்ணே, காசு வாங்கினாங்கன்னு நான் எங்கயும் எழுதல, எழுதவும் மாட்டேன்.

நாப்பது பேர் வேலைக்கு ஆபத்துன்னு எங்கள கூப்ட்டு சொல்லியிருந்தா நாங்க வேணாம்னா சொல்லியிருப்போம்? ராணிப்பேட்டை கிளைல என் தங்கச்சி வீட்டுக்காரர் வேலை செய்றாரு. நானே கை தூக்கியிருப்பேன் சண்டே படி போகட்டும்னு. நீங்க எங்கள கேக்கவே இல்லையே, கேக்காம வெற்றின்னு நோட்டீஸ் ஒட்னீங்க, நான் லட்டு வாங்கினு போய் என் பொண்ணு கிட்ட அப்பாவுக்கு சம்பளம் ஏறிச்சுன்னு சொல்லி சைக்கிள் வாங்கித் தரேன்னு வேற சொல்ட்டேன். அந்தப் பக்கத்துலயே கீழ ரெண்டு வரி, இத விட்டுக் குடுத்தோம் இந்தக் காரணத்துக்காகன்னு போட்டிருந்தா இன்னிக்கு இருவது பேர் லெட்டர் எழுதியிருக்க மாட்டான்.

அதே மாதிரி பண்டிகை டபுள் சட்டத்துல இருக்கறதுன்னு கமிட்டிக்கு தெரியாதா? தெரிஞ்சு விட்டீங்களா, தெரியாம விட்டீங்களா?

ராணிப்பேட்டை ஐயா, மாத்து லீவு குடுக்கல. பட்டியல டைம் மெஷின் பக்கத்துல ஒட்டியிருக்காங்க, பொங்கல் இருக்குது, போட்டோ எடுத்துட்டேன். ஓ.டி. மணிக்கு 40ன்னு தான் பல வருஷமா போடறாங்க, அது தான் ரேட்டுன்னு நாங்க நெனச்சுகினு இருந்தோம்.

குடியாத்தம் டூ மெல்போர்ன்:

இத படிக்கறப்ப இங்க நடந்தது ஞாபகம் வருது. நான் இங்க பெட்ரோல் பங்க் கடைல நைட் வேலை பார்த்துகினே படிச்சவன். இங்க ஆஸ்திரேலியால ஞாயித்துக்கிழமை வேலைக்கு பெனால்டி ரேட்டுன்னு சொல்வாங்க, ரீடெய்ல்ல பர்மனெண்ட் ஆளுக்கு டபுளா இருந்துது, 2017 பிப்ரவரில, கூலி தீர்மானிக்கற ஃபேர் வொர்க் கமிஷன் அத ஒண்ணரை மடங்கா குறைக்க உத்தரவு போட்டு, வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமா இறக்கி 2020ல ஒண்ணரைக்கு கொண்டாந்துட்டாங்க. அத சங்கமும் எதுத்துது. அதுக்கு முன்னாடியே நடந்தது தான் உங்க கத மாதிரி. எஸ்.டி.ஏ.ன்ற பெரிய கடை ஊழியர் சங்கம் கோல்ஸ் சூப்பர்மார்க்கெட்டோட போட்ட ஒப்பந்தத்துல மணிக் கூலி கொஞ்சம் ஜாஸ்தி, ராத்திரி, சனி, ஞாயிறு ரேட் கம்மி. அந்த நேரத்துலயே வேலை பார்க்கற பசங்களுக்கு நஷ்டம். பிரிஸ்பேன்ல டிராலி தள்ற ஒரு பார்ட் டைம் தொழிலாளி தான் அத எதுத்து கேஸ் போட்டாரு, 2016ல ஜெயிச்சாரு. அதே வருஷம் கோபத்துல தனி சங்கமே ஒண்ணு ஆரம்பிச்சாங்க.

நான் சொல்ல வர்றது, அந்த கேஸும் கணக்கு போட்டு காட்டித் தான் ஜெயிச்சுது. நீங்க அட்டப்பெட்டில போட்ட கணக்க தூக்கிப் போட்டுடாதீங்க.

தோல் ஷாப் ரிட்டயர்டு (ராணிப்பேட்டை):

மணிக்கு 40ஆ! 519ஐ எட்டால வகுத்தா 65 கிட்ட வருது, டபுள்னா 130. பல வருஷமாவா? தோழர், உங்க சண்டே படிய விட இது பெரிய பாக்கி. பழைய ஸ்லிப் ஒண்ணையும் கிழிக்காதீங்க. மொதல்ல சங்கம் மூலமாவே லேபர் ஆபீஸ்ல மனு குடுக்கச் சொல்லுங்க, சங்கம் மாட்டேன்னா நீங்களே குடுக்கலாம், அப்புறம் பாக்கிய கேட்டு வேலூர் லேபர் கோர்ட்டுக்கும் போகலாம். 2019ல மாவட்டத்த மூணா பிரிச்சதுல இருந்து கிளைக்குக் கிளை ஆபீஸ் மாறும், ஆம்பூர் இப்ப திருப்பத்தூர் மாவட்டம், அத கவனிச்சு மனு எழுதுங்க.

கமிட்டில இருந்த தோழருக்கும் ஒண்ணு. உங்க நிலைமைல நானும் இருந்திருக்கேன், 40 பேர் வேலைய காப்பாத்தினது பெரிய விஷயம், அத குறைச்சு சொல்ல மாட்டேன். ஆனா கேட் மீட்டிங் போட்டு ஆளுங்கள கேக்காம நான் ஒரு தடவ கையெழுத்து போட்டேன், அடுத்த வருஷம் சந்தா கேட்டு போனப்ப ஷாப்புல ஒருத்தன் கூட என் மூஞ்சிய பார்க்கல.

கமிட்டில இருந்தவன்:

பண்டிகை டபுள் சட்டத்துல இருக்குன்னு எனக்கு தெரியாது. உண்மையா தெரியாது. தெரிஞ்சிருந்தா அந்த வரிய விட்டிருக்க மாட்டேன். செக்ரட்டரி கிட்ட நான் பேசறேன், ஒப்பந்தம் காப்பி எங்கிட்ட ஒண்ணு இருக்குது, 18(1)ன்னு தான் மேல போட்டிருக்குது. ஜெராக்ஸ் எடுத்து தரேன்.

காட்பாடி மளிகை செக்‌ஷன்:

ரொம்ப நன்றி அண்ணே, நேத்து சாயங்காலமே குடுத்துட்டீங்க. பன்னெண்டு பக்கம் இருக்குது, போர்டுல ஒட்னது மொத பக்கம் மட்டும் தான். பசங்க கிட்ட பேசினேன், லெட்டர இப்போதைக்கு நிறுத்தி வெச்சிருக்காங்க, அதுக்கு பதிலா அவசரப் பொதுக்குழு கூட்டச் சொல்லி ஒரு மனு எழுதினோம், 63 பேர் கையெழுத்து போட்டிருக்காங்க, அதுல பில்லிங் பொண்ணுங்க எல்லாரும் இருக்காங்க. அக்கா, நீங்க கேட்ட சேர் விஷயத்த விசாரிச்சேன், 2022ல சங்கம் லெட்டர் குடுத்து தான் வந்துதாம்.

வர்ற ஞாயித்துக்கிழமை காலைல ஏழு மணிக்கு, கடை தொறக்கறதுக்கு முன்னாடி, கோட்டை எதுர்ல பார்க்ல கூடறோம். ஆம்பூர் பசங்க மொத பஸ்ஸ புடிச்சா வந்துடலாம். ஜனவரி ஸ்லிப்பு, ஓ.டி. போட்ட பழைய ஸ்லிப்பு எது கைல இருந்தாலும் ஜெராக்ஸ் எடுத்துகினு வாங்க, ஸ்லிப் தொலைச்சவங்க பேங்க் பாஸ்புக்கு கொண்டாங்க. ராணிப்பேட்டை ஐயா, உங்களால முடிஞ்சா நீங்களும் வரணும், பஸ் ஸ்டாண்டுல இருந்து நானே வண்டில கூட்டினு வரேன்.