பக்கவாத நோயாளியின் தோள் இறங்கியிருக்கிறது: ஸ்லிங் போடலாமா, கப்பிப் பயிற்சி தரலாமா?

கேள்வி (வார்டு செவிலியர்):
இடது பக்கம் செயலிழந்து இன்று ஐந்தாம் நாள். கை துவண்டு தொங்குகிறது. தோள் முனைக்குக் கீழே ஒரு விரல் புதைகிற அளவு பள்ளம். உட்கார வைக்கும்போது தோள் வலி. கூட இருப்பவர்கள் அக்குளில் கை கொடுத்துத்தான் தூக்குகிறார்கள். ஸ்லிங்கை (கழுத்தில் மாட்டிக் கையைத் தாங்கும் பட்டை) நாள் முழுக்கப் போட்டு வைக்கலாமா? கப்பியில் கயிறு கட்டிக் கையைத் தூக்கும் பயிற்சியை எப்போது தொடங்கலாம்?

பதில் 1 (பிசியோ):
சிஸ்டர், அக்குளில் தூக்குவதை இன்றே நிறுத்துங்கள். தோள் மூட்டின் குழி ஆழமில்லாதது. எலும்பின் தலையை அங்கே பிடித்து வைப்பது தசைகள்தான். அவை தளர்ந்தால் கையின் எடை முழுவதும் மூட்டைச் சுற்றியுள்ள உறையில் தொங்கும்.

கப்பி வேண்டவே வேண்டாம். கை மேலே போகும்போது தோள்பட்டை எலும்பும் கூடவே சுழல வேண்டும். அது சுழலாமல் கயிறு மட்டும் இழுத்தால் தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண் எலும்புகளுக்கு நடுவில் நசுங்கும். தோள்பட்டை எலும்பைக் கையால் சுழற்றிக் கொடுக்கத் தெரியாதவர்கள் நோயாளியின் கையை 90 டிகிரிக்கு மேல் தூக்க வேண்டாம்.

எழுப்பும் முறை: முழங்கால்களை மடக்கி, வலப்பக்கமாகப் புரட்டுங்கள். கால்களைக் கட்டிலுக்கு வெளியே இறக்குங்கள். உங்கள் ஒரு கை அவருடைய இடது தோள்பட்டை எலும்புக்குப் பின்னால், மறு கை இடுப்பில். அவர் வலது முழங்கையை ஊன்றி எழட்டும்.

பதில் 2 (ஆக்குபேஷனல் தெரபி, அதாவது அன்றாட வேலைகளுக்கான பயிற்சி தருபவர்):
ஸ்லிங் நிற்கும்போதும் நடக்கும்போதும் மட்டும். நாள் முழுக்கப் போட்டால் முழங்கை மடங்கி, தோள் உள்பக்கம் திரும்பியபடியே இறுகிவிடும். நாற்காலியில் முன்கை முழுவதும் தலையணையிலோ மடிமேல் வைக்கும் பலகையிலோ இருக்கட்டும். மல்லாந்து படுத்தால் தோள்பட்டைக்கும் கைக்கும் அடியில் தலையணை. இடப்பக்கம் படுத்தால் தோள்பட்டையை முன்னே கொண்டுவாருங்கள். எடை தோள் முனையில் விழக்கூடாது.

சட்டையில் இடது கை முதலில் நுழையும், கடைசியில் வெளியே வரும். பி.பி. பட்டையும் டிரிப்ஸும் வலது கையில். இடப்பக்கத்தைக் கவனிக்காதவராக இருந்தால் அழைப்பு மணி கட்டாயம் வலப்பக்கம்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. எவ்வளவு நேரம் உட்கார வைக்கலாம்? சீக்கிரம் எழுப்பினால் கெடுதல் என்று ஓர் ஆய்வைச் சொல்கிறார்கள்.

பதில் 3 (பிசியோ):
அது 2015இல் வந்த 'அவெர்ட்' ஆய்வு, 2,104 நோயாளிகள். முதல் 24 மணி நேரத்துக்குள் தொடங்கி அதிக நேரம் எழுப்பிப் பயிற்சி கொடுத்தவர்களுக்குப் பலன் சற்றுக் குறைந்தது. ஐந்தாம் நாளில் படுக்கவே வைக்க அது காரணமாகாது. பத்துப் பதினைந்து நிமிடமாக, நாளில் பல தடவை உட்காரட்டும். உட்காரும் முன்பும், உட்கார்ந்த முதல், மூன்றாம் நிமிடங்களிலும் பி.பி. பாருங்கள். மேல் அளவு 20 குறைந்தாலோ தலை சுற்றினாலோ படுக்க வையுங்கள்.

புறங்கை வீங்கிச் சூடாகி, மணிக்கட்டை அசைத்தால் வலித்தால் அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள். தலைமாட்டில் 'இடது கையை இழுக்காதீர்கள்' என்று எழுதி ஒட்டிவிடுங்கள். இரவில் கூட இருக்கும் ஆள் மாறும்போதுதான் பழையபடி அக்குளில் கை போகும்.