வறண்ட ஓடையைப் பார்த்து என்ன தெரிந்துகொண்டீர்கள்? உங்கள் ஊர் அனுபவம் சொல்லுங்கள்

கடனாக்கரை (அம்பாசமுத்திரம் வட்டம்)

கடனா நதியிலும் அதில் வந்து விழும் ஓடைகளிலும் நண்பர்கள் சிலர் சேர்ந்து நடக்கிறோம். கரை எப்படி இருக்கிறது, படுகை (வெள்ளம் ஏறி இறங்கும் கரையோர நிலம்) எப்படி இருக்கிறது என்று குறித்து வைக்கிறோம். ஆற்றின் நிலை என்றதும் பாட்டிலில் தண்ணீர் பிடித்துச் சோதனைக்கு அனுப்புவதுதான் பலருக்கு நினைவு வருகிறது. நம் சிற்றோடைகள் பலவற்றில் பாதி வருடம் பிடிக்கத் தண்ணீரே இருக்காது. அதனால்தான் ஓடையைக் கோடையில் போய்ப் பாருங்கள் என்கிறேன். தண்ணீர் மறைத்து வைத்திருந்ததெல்லாம் அப்போதுதான் வெளியே கிடக்கும்.

நான் முதலில் பார்ப்பது கரையிலிருக்கும் மருத மரத்தின் வேரை. இடுப்பளவு, ஆள் உயரம் என்று வேர் அந்தரத்தில் தொங்கினால் ஆற்றின் தரை அந்த அளவுக்கு இறங்கிவிட்டது என்று பொருள். பக்கத்திலேயே வாய்க்காலின் தலைமடை (ஆற்றுத் தண்ணீர் வாய்க்காலுக்குள் நுழையும் இடம்) இருந்தால் அதையும் பாருங்கள். ஒரு காலத்தில் ஆற்றுமட்டத்தில் இருந்த மடை இப்போது மாடி வீட்டு ஜன்னல் மாதிரி உயரத்தில் நிற்கும். பாலத்துத் தூணின் அடித்தளம் வெளியே தெரிவதும் இதே கணக்குதான். மணல் போய்விட்டது. ஆறு பள்ளமாகிவிட்டால் சாதாரண வெள்ளம் வயல்பக்கம் ஏறுவதில்லை, வண்டல் சேர்வதில்லை, கரையோரக் கிணறுகளில் மட்டம் இறங்குகிறது.

மணல் போனது மீனிலும் தெரியும். அயிரை மணலுக்குள் புதைந்து வாழ்கிற மீன். ஓர் ஊரில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம் என்ன மீன் கிடைக்கிறது என்று கேட்டோம். "இப்பம் எல்லாம் ஜிலேபிக் கெண்டைதான் தம்பி. அயிரையப் பாத்து எத்தன வருசமாச்சு!" என்றார். ஆய்வுக்கூடத்து அறிக்கை எதுவும் இத்தனை சுருக்கமாகச் சொன்னதில்லை.

அடுத்தது வெள்ளத்தின் தடம். 2023 டிசம்பர் 17, 18 மழையை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. கொட்டியது. தண்ணீர் வடிந்த பிறகு மரக்கிளைகளில் சிக்கிய சருகு, பம்புசெட் சுவரில் சேற்றுக்கோடு என எல்லா இடத்திலும் அளவு எழுதி வைத்த மாதிரி இருந்தது. வயதானவர்களிடம் கேட்டால் 1992 வெள்ளம் ஏறிய இடத்தையும் காட்டுவார்கள். இரண்டையும் வரைபடத்தில் குறியுங்கள். ஆற்றின் அகலம் அதுதான். நடுவில் ஓடுகிற தண்ணீரின் அகலம் அல்ல.

பிறகு புலப்படத்தை, அதாவது நிலத்தின் எல்லையையும் அளவையும் காட்டும் அரசு வரைபடத்தை, எடுத்துக்கொள்ளுங்கள். அ-பதிவேடும் (எந்த நிலம் எந்த வகை என்று சொல்லும் கிராமப் பதிவேடு) புலப்படமும் இப்போது அரசு இணையதளத்திலேயே கிடைக்கின்றன. அதில் 'ஓடைப் புறம்போக்கு' என்று இருக்கும் அகலத்தை நாடா பிடித்து அளந்து பார்த்தால், பல இடங்களில் பாதி அகலத்தில் வாழை நிற்கும். விவசாயியோடு சண்டை போடப் போகாதீர்கள். அவரைக் கூட்டிக்கொண்டே அளங்கள். வெள்ளத்தில் அந்த வாழையை இழந்தவரும் அவர்தான்.

மண்வெட்டி இருந்தால் படுகையில் முழங்கால் ஆழம் ஒரு குழி. மேலே மெல்லிய வண்டல் அடுக்கு இருந்தால் தண்ணீர் பரவி நின்று நிதானமாக வடிந்திருக்கிறது. பருமணல் அடுக்கு கிடந்தால் அங்கே கரை உடைந்து வேகமாகப் பாய்ந்திருக்கிறது. இதை யாரும் சொல்லித்தருவதில்லை. எனக்குத் தெரிந்து இதைவிட நேர்மையான சாட்சி கிடையாது.

எங்காவது நீரோட்டம் இருந்தால் ஒரு கல்லைப் புரட்டிப் பாருங்கள். மணலையும் குச்சியையும் ஒட்டிக் கூடு கட்டிக்கொள்ளும் புழு, வால் நுனியில் இழை இழையாக இருக்கும் தட்டையான சிறு பூச்சி, இவை இருந்தால் தண்ணீரில் உயிர்க்காற்றுக்கு (ஆக்சிஜன்) குறைவில்லை. சேற்றில் சிவப்புப் புழு மட்டும் நெளிந்தால் மேலே எங்கோ கழிவு கலக்கிறது. கல்லைப் பழையபடியே வைத்துவிட்டு வாருங்கள்.

கடனா தாமிரபரணியில் சேரும் திருப்புடைமருதூர் கோயிலின் தலமரமே மருதுதான். அங்கே ஊருக்குள்ளேயே மரங்களில் நாரைகளும் கொக்குகளும் கூடு கட்டுவதால் 2005-ல் காப்பகமாக அறிவித்தார்கள். அந்தப் பறவைகள் இரை தேடுவது சுற்றியுள்ள வயலிலும் குளத்திலும் ஆற்றிலும்தான். ஆற்றோடு சேர்த்து அந்த நிலங்களையும் பார்க்கச் சொல்வது அதனால்தான்.

கொள்ளிடத்தான்

எங்க கொள்ளிடம் பக்கம் கரைக்கு உள்ளேயே படுகையில வாழை, கரும்பு, காய்கறி எல்லாம் உண்டு. 2018 ஆகஸ்ட்ல முக்கொம்பு மேலணையில 9 மதகு அடிச்சிக்கிட்டுப் போச்சே, அந்த வருஷ வெள்ளத்துல கரை அரிச்ச இடத்தையெல்லாம் நடந்து பார்த்தேன். நாணல் அடர்ந்து நின்ன இடத்துல மண்ணு பெரும்பாலும் அப்படியே இருந்தது. நாணலை அழிச்சு வெறுமையா விட்ட இடத்துலதான் கரை செங்குத்தா வெட்டுப்பட்டுக் கிடந்தது.

இன்னொண்ணு. கடல் பக்கம் போகப் போக, கரையோரக் கைபம்புத் தண்ணிய நாக்குல வச்சுப் பாருங்க. ஆத்துத் தரை இறங்குனா உப்பு உள்ள ஏறும். முன்னாடி குடிச்ச பம்பு இப்ப கரிக்குதுன்னு சொல்ற ஊரைக் குறிச்சுக்கிட்டே வந்தா, உப்பு எதுவரைக்கும் வந்திருக்குன்னு தெரிஞ்சிடும்.

சண்டிலிப்பாய்

யாழ்ப்பாணத்தில் எங்கட வழுக்கையாறு மாரிக்கு மட்டும் ஓடும். கோடையில் வந்து பார்த்தால் மாடு மேயிற வெளியாத்தான் கிடக்கும், ஆறு எண்டு வெளியாளுக்குத் தெரியாது. அதுதான் ஆபத்து. பள்ளக் காணி எண்டு மண் போட்டு நிரப்பிப் போடுகினம். நான் பார்க்கிறது மதகுகளைத்தான். ஆறே தெரியாத இடத்தில் தெருவுக்குக் கீழ மதகு இருந்தால், அந்தக் காலத்தில் ஆரோ தண்ணி போறதைக் கண்டுதான் கட்டியிருக்கினம். அதின்ர இரண்டு பக்கமும் அடைபட்டிருக்கோ எண்டு பாருங்கோ. கீழ சுண்ணாம்புக்கல். வெள்ளம் நிண்டு இறங்கினால்தான் எங்கட கிணறுகளுக்கு நல்ல தண்ணி.

சாயல்குடி

கடனாக்கரை அண்ணே, எங்க ஓடை முழுக்கச் சீமைக்கருவேலம். ஜேசிபி வச்சு மொத்தமாப் பிடுங்கிறலாமான்னு ஊர்ல பேச்சு. என்ன சொல்றீங்க?

கடனாக்கரை

தம்பி, ஓடைக்கு நடுவில் நிற்பதை முதலில் வேரோடு எடுங்கள். குப்பை அதில்தான் சிக்கித் தண்ணீரைக் கரைமேல் திருப்பிவிடும். கரைச்சரிவில் நிற்பதை ஒரே மூச்சில் பிடுங்க வேண்டாம். மண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கும் வேர் இப்போதைக்கு அது ஒன்றுதான், அடுத்த மழையில் கரை சரிந்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, எடுத்த இடத்தில் வெள்ளம் வடிந்ததும், ஈரம் காயுமுன் தை மாதத்தில் நாணலும் நொச்சிக் குச்சியும் ஊன்றுங்கள். மேட்டில் புங்கன் வையுங்கள். வெறுமனே வெட்டிவிட்டால் கருவேலம் திரும்பத் துளிர்க்கும், அதைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆரம்பிப்பதற்கு முன் கரையின் படத்தை ஒரே இடத்தில் நின்று எடுத்து இங்கே போடுங்கள், சேர்ந்து பார்ப்போம்.