பத்தே முக்காலுக்குப் படுத்தாலும் ஒன்றரை வரை விழிப்பு, மாத்திரை இல்லாமல் வழி உண்டா?

தாம்பரத்தான்

எல்லோருக்கும் வணக்கம். வயது 38, ஐடி வேலை. அமெரிக்க டீமோடு தினமும் ராத்திரி மீட்டிங், ஒன்பதரைக்கு முடியும். அப்புறம் சாப்பிட்டுவிட்டுப் பத்தே முக்காலுக்கெல்லாம் விளக்கை அணைத்துவிடுகிறேன். ஆனால் கண் அசர ஒரு மணி, ஒன்றரை ஆகிவிடுகிறது, அதுவரை புரண்டு புரண்டு படுப்பதுதான். மகளின் பள்ளி வேன் ஏழு மணிக்கு வரும் என்பதால் ஆறரைக்கு எழுந்தே ஆக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பத்து மணி வரை தூங்கி, விட்ட தூக்கத்தைப் பிடிக்கிறேன்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒரு ஃபில்டர் காபி உண்டு. வீடு மூன்றாவது மாடி, மேலே மொட்டை மாடிதான். மகள் அறையில் மட்டும் ஏசி. கூட வேலை பார்ப்பவர் மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிப் போடச் சொல்கிறார், எனக்கு அதில் இஷ்டமில்லை. சீக்கிரம் படுத்துப் பழகினால் சரியாகும் என்று பத்து மணிக்கே படுத்தும் பார்த்தேன், இன்னும் மோசமானது. உங்களில் யாராவது இதிலிருந்து மீண்டிருந்தால் சொல்லுங்கள்.

வசந்தி திருச்சி

தம்பி, நான் பல வருடம் இதே பாடு பட்டு, மனநல மருத்துவர் ஒருவரிடம் போய் மாத்திரை இல்லாமலேயே சரியானவள், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

சீக்கிரம் படுத்ததும் மோசமானது என்கிறீர்களே, அது அப்படித்தான் ஆகும். தூக்கம் வராத நேரத்தில் தினமும் மணிக்கணக்கில் படுக்கையில் கிடந்தால், படுக்கை என்றாலே விழித்திருந்து கவலைப்படும் இடம் என்று மூளை பழகிவிடுகிறது. சோபாவில் டிவி பார்க்கும்போது தானாகக் கண் சொக்கும், எழுந்து போய்ப் படுத்ததும் பளிச்சென்று விழிப்பு வந்துவிடும், உங்களுக்கும் அப்படி நடக்கும் என்று நினைக்கிறேன். இதை உடைக்க ரிச்சர்ட் பூட்சின் என்ற அமெரிக்க உளவியலாளர் 1972-இல் ஒரு முறையைச் சொன்னார், இன்றும் தூக்கமின்மைக்கான சிகிச்சையில் அதுதான் முதுகெலும்பு. கண் சொக்கினால் மட்டும் படுக்கப் போக வேண்டும். சுமார் இருபது நிமிடம் ஆகியும் தூக்கம் வராவிட்டால் (கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், குத்துமதிப்பாகப் போதும்) எழுந்து வேறு அறைக்குப் போய் மங்கிய வெளிச்சத்தில் உட்கார வேண்டும். மறுபடி சொக்கினால் திரும்பி வர வேண்டும். ஒரே ராத்திரியில் நாலு முறை எழுந்தாலும் பரவாயில்லை. ஆனால் காலையில் எழும் நேரம் மட்டும் ஏழு நாளும் ஒன்றேதான்.

உங்கள் சிக்கலின் வேரே ஞாயிற்றுக்கிழமைதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆறரைக்கும் பத்துக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம். கோடையில் சென்னைக்கும் பாரிஸுக்கும் உள்ள அதே வித்தியாசம். வாராவாரம் உடம்பைப் பாரிஸுக்கு அனுப்பிவிட்டுத் திங்கட்கிழமை காலை தாம்பரத்தில் எழு என்றால் அது எப்படிக் கேட்கும்? ராத்திரி எத்தனை மணிக்குத் தூக்கம் வரும் என்பதை நாம் முடிவு செய்ய முடியாது, காலையில் எத்தனை மணிக்கு எழுவது என்பது நம் கையில் இருக்கிறது. அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். எழுந்ததும் மகளை வேனில் ஏற்றிவிட்டு அப்படியே அரை மணி நேரம் வெளியே நடங்கள். வீட்டுக்குள் சாதாரணமாக 100 முதல் 300 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம்தான் இருக்கும், காலையில் வெளியே போனால் பல ஆயிரம் லக்ஸ். உடம்பின் கடிகாரத்தைத் தினமும் சரிசெய்வது அந்த வெளிச்சம்தான்.

முதல் ஒன்றிரண்டு வாரம் கஷ்டமாக இருக்கும், பகலில் கண் எரியும். அங்கேதான் பலர் விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து விடாதீர்கள்.

டிகாக்‌ஷன் ரமேஷ்

சகோ, அக்கா சொன்னது எல்லாம் சரி, ஆனால் அந்த ஐந்து மணிக் காபியை யாரும் தொடவில்லையே. காபியில் உள்ள காஃபின் பாதியாகக் குறையவே சராசரியாக ஐந்து, ஆறு மணி நேரம் ஆகும், சிலருக்கு இன்னும் அதிகம். நீங்கள் படுக்கும்போது அதில் பாதி ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும். பகல் முழுக்க மூளையில் அடினோசின் என்ற பொருள் சேரும், அது சேரச் சேரத்தான் அசதி வரும், காஃபின் போய் அது உட்கார வேண்டிய இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. அசதி இருக்கும், ஆனால் தெரியாது. "நான் காபி குடித்துவிட்டே தூங்குவேன்" என்று சொல்பவர்களுக்கும் ஆழ்ந்த தூக்கம் குறையத்தான் செய்யும்.

காபியை விடச் சொல்ல எனக்கு மனது வராது, கும்பகோணத்துக்காரன் நான். காலையில் முதல் டிகாக்‌ஷனில் கெட்டியாகக் குடியுங்கள், மதியம் ஒரு மணிக்கு மேல் வேண்டாம். ஐந்து மணிக்குக் கை பரபரக்கும், அப்போது சுக்கு மல்லிக் காபி போட்டுக் குடியுங்கள், கருப்பட்டி போட்டு. காபித்தூளே இல்லாத ஒன்று. டீக்கு மாறினால் போதும் என்று சிலர் சொல்வார்கள், டீயிலும் காஃபின் உண்டு, அளவுதான் குறைவு.

மாடிவீட்டுக்காரி

மூன்றாவது மாடி, மேலே வெறும் தளம் என்று படித்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. நாங்களும் குரோம்பேட்டையில் அதே மாதிரி வீட்டில்தான் இருக்கிறோம். பகல் முழுக்கக் கான்கிரீட் குடித்த வெப்பம் சாயங்காலத்துக்கு மேல்தான் கீழே இறங்க ஆரம்பிக்கும். ராத்திரி பதினொன்றுக்குக் கட்டிலில் ஏறி நின்று சீலிங்கைத் தொட்டுப் பாருங்கள், வெதுவெதுவென்று இருக்கும். தூக்கம் வர உடம்பின் உள் வெப்பம் கொஞ்சம் இறங்க வேண்டும், சென்னைப் புழுக்கத்தில் வியர்வையும் காயாது, அப்புறம் எப்படி இறங்கும்?

படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு வெதுவெதுப்பான நீரில் குளியுங்கள். ஐஸ் மாதிரித் தண்ணீர் வேண்டாம். வெந்நீரில் கை கால் தோலில் ரத்தம் ஏறி, உள்ளே இருக்கும் சூடு வெளியே போகும். மாடித் தளத்துக்கு வெள்ளைச் சுண்ணாம்போ கூலிங் பெயிண்ட்டோ அடிக்க முடிந்தால் அடித்துவிடுங்கள், எங்கள் வீட்டில் அறைச் சூடு நன்றாகவே தணிந்தது. அதோடு, பத்து மணிக்குச் சாப்பாடு என்பது ரொம்பத் தாமதம் அண்ணா. மீட்டிங்குக்கு முன்பே ஏழரைக்கு இரண்டு இட்லியை முடித்துக்கொள்ளுங்கள்.

தாம்பரத்தான்

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. இரண்டு சந்தேகம். எழுந்து வேறு அறையில் உட்காரும்போது போன் பார்க்கலாமா? வசந்தி அக்கா, சனி ஞாயிறு மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு கண்ணைக் கட்டிக்கொண்டு வரும், அப்போது தூங்கலாமா?

வசந்தி திருச்சி

போன் வேண்டாம் தம்பி. வெளிச்சம் ஒரு பக்கம், அதைவிட ஆபீஸ் மெசேஜ் ஒன்றைப் பார்த்தால் மனது மறுபடி மீட்டிங்குக்குள் போய்விடும். நான் துவைத்த துணியை மடித்து வைப்பேன், பழைய வார இதழ் படிப்பேன். நாளைக்கு என்ன வேலை என்று தலைக்குள் ஓடினால், ஒன்பதரைக்கு மீட்டிங் முடிந்த கையோடு ஒரு காகிதத்தில் எழுதிவிட்டு லேப்டாப்பை மூடுங்கள். மதியத் தூக்கம் இப்போதைக்கு வேண்டாம். முடியவே முடியாது என்றால் மூன்று மணிக்குள், இருபது நிமிடம், அலாரம் வைத்து.

இரவுப்பணி நர்ஸ்

இரண்டு விஷயம் மட்டும் சேர்க்கிறேன், இரண்டும் முக்கியம். ராத்திரி பலமாகக் குறட்டை விடுகிறீர்களா, இடையில் மூச்சு நின்று திணறி எழுகிறீர்களா என்று வீட்டில் கேளுங்கள். அப்படி இருந்தால் மேலே சொன்ன எந்தப் பழக்கமும் போதாது, அது ஸ்லீப் அப்னியாவாக இருக்கலாம், காது மூக்கு தொண்டை மருத்துவரையோ நுரையீரல் மருத்துவரையோ பார்த்துத் தூக்கப் பரிசோதனை செய்ய வேண்டும். மாத்திரை வேண்டாம் என்ற உங்கள் முடிவு நல்ல முடிவு. கடையில் தூக்கத்துக்கு என்று கொடுப்பது பல நேரம் சளி, அலர்ஜி மாத்திரைதான், மறுநாள் காலை வரை மந்தமாக்கும். தூக்கமின்மைக்கு முதல் சிகிச்சையாக, வசந்தி அக்கா சொன்ன முறைகள் அடங்கிய சிபிடி-ஐ என்ற, எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றும் மருந்தில்லாச் சிகிச்சையைத்தான் அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016-இல் பரிந்துரைத்தது.

வலிப்பு நோய், பைபோலார் என்ற மனநிலைக் கோளாறு உள்ளவர்கள் தூக்க நேரத்தைக் குறைக்கும் எந்த முறையையும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. உங்களுக்கு அது இல்லை என்றாலும், முதல் இரண்டு வாரம் காலையில் பைக்கை எடுக்காமல் மின்சார ரயிலில் போய்விடுங்கள் அண்ணா, ஜிஎஸ்டி ரோட்டில் அரைத் தூக்கத்தில் வண்டி ஓட்டி எங்கள் கேஷுவால்ட்டிக்கு வருகிறவர்களை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.