போனை நீட்டி, ‘இதக் கொஞ்சம் பாருங்க’ என்றவர்கள்

கொட்டகலைக்காரி

போன மாதம் நடந்தது. இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. உங்களுக்கும் இப்படி ஓர் ஆள் எதிர்ப்பட்டிருப்பார், இதன் கீழே எழுதுங்கள்.

இலங்கை மலையகத்தில் ஹட்டனிலிருந்து மஸ்கெலியா போகிற பஸ். டிக்கோயா தாண்டியதும் பக்கத்தில் இருந்த பாட்டி மடியிலிருந்து ஒரு பொலித்தீன் பையை எடுத்தார். பைக்குள் லேஞ்சி, லேஞ்சிக்குள் போன். பின்மூடி நிற்காது போல, குறுக்கே ரப்பர் பேண்ட் போட்டிருந்தார். சேலைத் தலைப்பால் திரையைத் துடைத்துவிட்டு நீட்டினார். “புள்ள, இதக் கொஞ்சம் பாருங்க. காசு வந்திருக்குனு போட்டிருக்கு. பேங்குல கேட்டா வரலேங்கிறாங்க.”

பார்த்தால் முழுக்கச் சிங்களம். வட்டிக்குக் கடன் தருகிற விளம்பரம். நடுவில் 50,000 என்று இருந்தது. பாட்டிக்கு எந்த மொழியிலும் எழுத்து தெரியாது, ஆனால் எண் தெரியும். நாற்பது வருசமாகக் கொழுந்துக் கிலோ பார்த்த கண் அது. அந்த மெசேஜில் அவருக்குப் புரிந்தது 50,000 மட்டும்தான். அரசாங்கம் கொடுக்கிற அஸ்வெசும உதவிக் காசு மொத்தமாக விழுந்துவிட்டது என்று நினைத்து மூன்று நாள் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்து, பஸ்ஸுக்குக் காசு கொடுத்து டவுனுக்கு வந்து, வரிசையில் நின்றிருக்கிறார்.

விளக்கிச் சொன்னேன். “அப்ப இது காசு இல்லியா” என்று ஒரு தடவை கேட்டார், அவ்வளவுதான். அழித்துவிடட்டுமா என்று கேட்டதற்கு, “வேணாம் புள்ள, இருக்கட்டும்” என்று வாங்கி, லேஞ்சியில் பழையபடி சுற்றிவைத்துக்கொண்டார். நோர்வூட்டில் இறங்கிப்போனார்.

அந்த “இருக்கட்டும்” என்னை விடவே இல்லை. தமிழும் அரச கரும மொழி என்று 1987 இல் 13ஆவது திருத்தத்தில் எழுதியாகிவிட்டது. அரசாங்கம், பேங்க், கம்பெனி எல்லோருமே இப்போது மெசேஜில்தான் பேசுகிறார்கள். சிம் கொடுக்கும்போது, “உங்களுக்கு எந்த மொழி” என்று கேட்க ஒரு நிமிடம்கூட ஆகாது. எழுத்து தெரியாதவருக்குக் குரலில் சொல்லவும் இன்றைக்கு வழி இருக்கிறதே.

நானுஓயா ஆசிரியர்

என்னுடையது கொரோனாக் காலம். 2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்களை மூடியதும் எங்களுக்கு வாட்ஸ்அப்தான் வகுப்பு. ஆண்டு 5 பிள்ளைகள், புலமைப்பரிசில் பரீட்சை வேறு பக்கத்தில். நான் வீட்டில் சூடாகத் தேத்தண்ணி குடித்துக்கொண்டு நோட்ஸை போட்டோ எடுத்து அனுப்புவேன். ஒரு நாளைக்குப் பதினான்கு பக்கம்கூடப் போயிருக்கிறது.

ஒரு பிள்ளை மட்டும் எதற்கும் பதில் அனுப்பவில்லை. ஊரடங்கு தளர்ந்ததும் விசாரித்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். லயத்தில், அதுதான் தோட்டத்து வரிசை வீட்டில், ஆள் இல்லை. “பாறைக்குப் போயிருக்காங்க சேர்” என்றார்கள். தேயிலை மலைக்கு மேலே, சவுக்குக் காட்டு ஓரத்தில் ஒரு பாறை. சிக்னல் அங்கேதான் வரும். தூறல் விழுந்துகொண்டிருந்தது. அப்பா ஒரு கையில் குடை, ஒரு கையில் போன். பிள்ளை கீழே உட்கார்ந்து கொப்பியில் எழுதுகிறாள். குடை அவர்கள் இரண்டு பேருக்கும் இல்லை, போனுக்கும் கொப்பிக்கும்தான் பிடித்திருந்தார். பிள்ளையின் கால் விரலிடுக்கில் அட்டை கடித்த இரத்தம் வழிந்தது. அவள் கவனிக்கவே இல்லை.

என்னைப் பார்த்ததும் அப்பா போனை நீட்டினார். “சேர், நீங்க அனுப்புனது சுத்திக்கிட்டே இருக்கு. எங்க தப்புனு கொஞ்சம் பாருங்க.” அது நான் முதல் நாள் அனுப்பிய படங்கள். நாலாவது படத்தில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. தப்பு அவர் பக்கம் இல்லை. படங்களை எந்த அளவில் அனுப்புகிறேன் என்று ஒரு நாளும் யோசிக்காத என் பக்கம். அவர் ரீலோட் போட்ட காசு பாதி அந்தப் பதினான்கு பக்கத்துக்கே போயிருந்தது.

மறுநாளிலிருந்து கையால் எழுதி, தோட்டத்துக்குப் போகிற பாண்காரரிடம் கொடுத்துவிட்டேன். அதை முதல் வாரமே செய்திருக்கலாம். “நாடு முழுக்க ஒன்லைன் கல்வி” என்று யாராவது பேசினால் எனக்கு அந்தக் குடைதான் ஞாபகம் வருகிறது.

பதுளை ரோட்

கொட்டகலை அக்கா, நீங்கள் நல்ல மனதோடு பார்த்தீர்கள். ஆனால் மற்றவர் போனைக் கையில் வாங்கவே கூடாது என்பேன். அடிபட்டுத்தான் சொல்கிறேன்.

டவுனில் ஒரு கொமியுனிகேஷனில், போன் ரீலோட், போட்டோகொப்பி எல்லாம் போடுகிற கடையில், வேலை செய்தேன். ஒரு ஐயா வந்து, “தம்பி, நம்பர் ஒண்ணு வந்திருக்கு, பாருங்க” என்றார். ஓடிபி, பேங்க் அனுப்புகிற ஒரு தடவைக்கான இரகசிய எண். ஆறு எண்ணையும் வாசித்தேன். இரண்டு நாள் கழித்து அவர் கணக்கிலிருந்து காசு போயிருக்கிறது. கடை வாசலில் பத்துப் பேர் பார்க்க, “இந்தப் பொடியன்தான் என் போனைத் தொட்டான்” என்றார். பிறகு, வேறு யாரோ கோல் எடுத்து அந்த எண்ணைக் கேட்டு வாங்கியது என்று தெரியவந்தது. அவரே வந்து மன்னிப்பும் கேட்டார். ஆனால் அன்றைக்கு என் அம்மாவும் அந்த வாசலில் நின்றிருந்தார்.

அதனால் எல்லோரும் வீட்டில் சொல்லிக்கொடுங்கள். ஓடிபி என்பது உங்கள் பெட்டிச் சாவி. பேங்க் உங்களிடம் அதைக் கேட்காது, பேங்கில் இருந்து பேசுகிறோம் என்று தேன் மாதிரித் தமிழில் கதைத்தாலும் கொடுக்காதீர்கள். கார்ட் பின் எண்ணைக் கார்ட் உறையிலேயே எழுதிவைக்கும் பழக்கம் நம் ஆட்களிடம் நிறைய உண்டு, அதை இன்றைக்கே கிழித்துப் போடுங்கள்.

அடையாள அட்டை விசயமும் முக்கியம். 2016 இலிருந்து வரும் 12 இலக்க எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நாலு இலக்கம் பிறந்த வருடம். அடுத்த மூன்றும் அந்த வருடத்தில் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அதோடு 500 சேர்ப்பார்கள். பெப்ரவரி 1 இல் பிறந்த ஆணுக்கு 032 என்றால் பெண்ணுக்கு 532. அதாவது எண்ணைக் கொடுத்தால் பிறந்த தேதியையும் ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்தே கொடுக்கிறீர்கள். 9 இலக்கத்தோடு கடைசியில் ஓர் எழுத்து வரும் பழைய அட்டையும் இப்படித்தான், வருடத்துக்கு இரண்டு இலக்கம், அவ்வளவுதான் வித்தியாசம். போட்டோகொப்பி எடுக்கும்போது சரியாக வராத தாளைக் கடைக் கூடையில் போட்டுவிட்டு வருகிறோமே, அது வேண்டாம். கையோடு எடுத்து வந்து அடுப்பில் போடுங்கள். கொப்பி கொடுத்தே ஆகவேண்டிய இடத்தில், எதற்காகக் கொடுத்தது என்றும் தேதியையும் அதன் குறுக்கே பேனாவால் எழுதிக் கொடுங்கள். 2022 ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் நம் தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்கத்தான் வந்தது. லயத்துக்கு வந்து அதை விளக்கிச் சொன்னவர் ஒருவரையும் நான் கண்டதில்லை.

கொட்டகலைக்காரி

தம்பி, உங்களுக்கு நடந்தது அநியாயம். ஆனாலும் வாங்கக் கூடாது என்றால் அந்தப் பாட்டி யாரிடம் போவார்? நான் வாங்கிப் பார்த்ததால் மூன்று நாளோடு நின்றது, இல்லாவிட்டால் மூன்று மாதம் வைத்திருந்திருப்பார்.

பதுளை ரோட்

அவர் கையிலேயே போன் இருக்கட்டும், நீங்கள் எட்டிப் பார்த்து வாசியுங்கள் என்கிறேன். உதவாதே என்று சொல்லவில்லை.

அக்குறணை

2018 மார்ச். கண்டிப் பக்கம் திகனயில் முஸ்லிம்களுக்கு எதிரான கலவரம். அவசரகாலச் சட்டம் வந்து, அடுத்து பேஸ்புக், வாட்ஸ்அப், வைபர் எல்லாவற்றையும் தடுத்தார்கள். நானா, என் அண்ணன், அப்போது கட்டாரில். தினமும் மஃரிபுக்குப் பிறகு உம்மாவுக்கு வைபரில் கோல் எடுப்பார். அன்றைக்கு வரவில்லை. மறுநாளும் இல்லை.

உம்மா போனைக் கொண்டுவந்து நீட்டினார். “மகன், இதக் கொஞ்சம் பாருங்க. உடைஞ்சிரிச்சா?” தடை போட்டிருக்கிறது என்று சொன்னேன். கேட்டுக்கொண்டார். அடுத்த நாள் அதே நேரத்துக்கு அதே கேள்வி. ஊரடங்கு எடுத்த ஒரு மணித்தியாலத்தில், எனக்குச் சொல்லாமல் போனை ரிப்பேர் கடைக்கே கொண்டுபோய்விட்டார். கடைக்காரர் கழற்றித் தூசி துடைத்து, காசு வாங்காமல் கொடுத்தனுப்பியிருக்கிறார். திரும்பி வந்தவர், “இப்ப நல்லா துடைச்சிருக்கு, இன்டைக்கு நானா எடுப்பார்” என்று மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். இரவு பத்து மணி வரைக்கும் இருந்தார். பிறகு நான் தடையைத் தாண்டிப் போகிற விபிஎன் போடக் கற்றுக்கொண்டேன். ஆனால் அந்த ஒரு இரவை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

தடை வேண்டாம் என்று ஒரேயடியாகச் சொல்ல எனக்கு வாய் வராது. பள்ளிவாசலையும் கடைகளையும் கொளுத்தச் சொன்ன பதிவுகளை என் கண்ணாலேயே பார்த்தவன் நான். பேஸ்புக் கம்பெனியே 2020 இல் அதற்கு மன்னிப்புக் கேட்டது. சிங்களத்தில் எழுதியதை வாசித்து நீக்கப் போதிய ஆள் அவர்களிடம் இருக்கவில்லை. அந்த ஆட்களை முதலே வைத்திருந்தால் நானாவின் கோலை வெட்ட வேண்டி வந்திருக்காது. 2019 ஏப்ரலில் குண்டுவெடிப்புக்குப் பிறகும் வெட்டினார்கள். 2022 ஏப்ரலில், மக்கள் காஸும் டீசலும் இல்லாமல் ரோட்டில் நின்ற நேரத்திலும் வெட்டினார்கள். முதல் இரண்டுக்கும் கலவரத்தையும் குண்டையும் காரணம் காட்டலாம். மூன்றாவதுக்கு என்ன காரணம்?

ஒன்லைனில் எழுதுவதைக் கட்டுப்படுத்துகிற நிகழ்நிலைக் காப்புச் சட்டம் 2024 ஜனவரியில் பாராளுமன்றத்தில் 108க்கு 62 என்று நிறைவேறியது. ஐந்து பேர் கொண்ட ஆணைக்குழு எது பொய் என்று தீர்மானிக்கலாமாம். வீட்டைக் கொளுத்தச் சொல்கிறவனையும், டீசல் இல்லை என்று எழுதுகிறவனையும் அந்த ஐந்து பேரும் பிரித்துப் பார்ப்பார்களா என்பதுதான் என் பயம். பதுளைத் தம்பி சொன்ன தரவுச் சட்டம் ஒரு பக்கம் காக்க வந்தது, இது இன்னொரு பக்கம் இறுக்குகிறது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

கொழுந்துக்காரி மகள்

சின்ன விசயம்தான். எங்கள் தோட்டத்துக்கு எலக்ட்ரிக் தராசு வந்த முதல் கிழமை அம்மாவுக்குத் தேத்தண்ணி கொண்டுபோனேன். பழைய தொங்கு தராசில் முள் எல்லோருக்கும் தெரியும். புதுத் தராசில் எண் எரிகிற முகம் கணக்கப்பிள்ளை பக்கம் திரும்பியிருந்தது. அம்மா கூடையை இறக்கிவிட்டு, “எவ்வளவு காட்டுது, எட்டிப் பாரு” என்று என் காதில் சொன்னார். 18 கிலோவுக்குக் குறைந்தால் அரைப்பேர் விழும், அரை நாள் சம்பளம்தான். நான் பெட்டியைச் சுற்றிப் போய்ப் பார்ப்பதற்குள் எண் பூச்சியமாகிவிட்டது.

முகத்தைத் திருப்பி வைத்தால் போதும். அதைக் கேட்க அன்றைக்கு எனக்குத் தைரியம் வரவில்லை, பதினான்கு வயது.

ராகலை மேற்கு

எனக்கு யாரும் போனை நீட்டவில்லை. தாளை நீட்டினார்கள்.

2025 நவம்பர் கடைசி, டித்வா புயல். மண் சரிந்து ரோடு போய், கரண்ட் போய், டவரும் போனது. எங்கள் பக்கத்திலிருந்து சிலர் சிக்னல் இருக்கிற இடத்துக்கு நடந்து போவதாக முடிவெடுத்தோம். என்னிடம் பவர் பேங்க் இருந்ததால் நானும் போனேன். அது தெரிந்ததும் லயத்து ஆட்கள் நம்பர் எழுதிய தாள்களைக் கொண்டுவந்துவிட்டார்கள். கொழும்பில் வேலை செய்கிற பிள்ளைகளின் நம்பர், துபாய் நம்பர். “உசிரோட இருக்கோம்னு மட்டும் சொல்லுங்க” என்றார்கள். ஒரு காலண்டர் தாளின் பின்பக்கத்தில் மட்டும் இருபது நம்பர்.

போய்ச் சேர்ந்து ஒவ்வொன்றாக எடுத்தேன். அழுகைதான். நான் யார் என்றுகூட யாரும் கேட்கவில்லை. கடைசியாக ஒரு சின்னத் துண்டு, சோப்புப் பெட்டியிலிருந்து கிழித்தது. பென்சிலால் எழுதியிருந்தது. 07 என்று தொடங்குகிறது, ஆனால் மொத்தம் 9 எண்தான். பத்தில் ஒன்று விடுபட்டிருக்கிறது. கொடுத்தது தோட்டத்தின் பக்கத்து டிவிஷனிலிருந்து, அதாவது பக்கத்துப் பிரிவிலிருந்து, ஓடிவந்த ஓர் அம்மா, மகள் வெள்ளவத்தையில் வீட்டு வேலை செய்கிறாள் என்றார்.

கடைசி எண்தான் விட்டுப்போயிருக்கும் என்று நினைத்து 0 இலிருந்து போட்டேன். இரண்டு நம்பர் பாவனையில் இல்லை. ஒருவர் சிங்களத்தில் பேசினார், விசயத்தைச் சொன்னதும் “அனே” என்றார், கவனமாக இருக்கச் சொன்னார். ஏழாவதுக்கு மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. எட்டாவதைப் போடும்போது போன் அணைந்துவிட்டது. பவர் பேங்கும் முடிந்திருந்தது.

2014 அக்டோபர் 29 பதுளைப் பக்கம் மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை இறங்கியபோது நான் சின்னப் பொடியன். மண் சரியும் என்று அதற்கு முன்பே எச்சரித்திருந்தார்கள் என்று பெரியவர்கள் சொல்லிச் சொல்லி வருந்துவார்கள். எச்சரிக்கை இருந்தாலும் ஆள் நகர ஓர் இடம் வேண்டும், செய்தி வந்துபோக ஒரு வழி வேண்டும். டவருக்கு ஒரு ஜெனரேட்டர், தோட்டத்துக்கு ஒரு செட்லைட் போன், இவ்வளவுதான் நான் கேட்பது.

நானுஓயா ஆசிரியர்

தம்பி, 0 ஐ விட்டு எழுதியிருப்பாரோ? வெளிநாட்டு நம்பர் பார்த்துப் பழகியவர்கள் நாட்டு எண் 94 க்குப் பிறகு 7 இலிருந்து எழுதுவார்கள், அதுவும் 9 எண்தான் வரும்.

ராகலை மேற்கு

இல்லை சேர். 0 இருந்தது, 07 என்று தெளிவாக இருந்தது. நடுவில் ஒன்று விட்டிருக்கலாம், அன்றைக்கு அது தோன்றவில்லை.

கொட்டகலைக்காரி

அந்த அம்மா எந்த டிவிஷன் என்று தெரியுமா? நான் வாரத்தில் இரண்டு நாள் வேலை விசயமாக ராகலைப் பக்கம் வருகிறேன். லயத்தைச் சொல்லுங்கள், நேரில் போய் நம்பரைச் சரியாக எழுதி வாங்கி வருகிறேன்.

ராகலை மேற்கு

கீழ் டிவிஷன் அக்கா. பிள்ளை மடுவத்துக்கு, குழந்தைகளை விட்டுப் போகிற இடத்துக்கு, பின்னால் இருந்த லயம். அது இப்போது இல்லை, ஆட்களைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனார்கள் என்று கேள்வி. நீங்கள் எந்த நாள் வருகிறீர்கள் என்று சொல்லுங்கள், ரோட்டில் நிற்கிறேன். சேர்ந்து போய்க் கேட்போம்.