திட்டப்பிழையில் போட வேண்டியது 0.5ஆ, 0.65ஆ?

கேள்வி:
நாணயத்தை 40 தடவை சுண்டினேன், 26 தலை. நாணயம் ஒழுங்கானதா என்று 5% அளவில் இருபக்கச் சோதனை செய்யணும். திட்டப்பிழைக்கு (தலை விகிதம் மாதிரிக்கு மாதிரி எவ்வளவு சிதறும் என்கிற அளவு) எனக்குக் கிடைத்த விகிதம் 0.65 போட்டால் இசட் (0.5இலிருந்து எத்தனை திட்டப்பிழை விலகல்) 1.99 வருது, ஒழுங்கானது என்பதை நிராகரிக்கலாம். 0.5 போட்டால் 1.90, முடியாது. எல்லையோ 1.96. ராத்திரி முழுக்க இதே ரோதனை. எது சரி?

பதில் 1:
0.5தான். நானும் ஒரு பரீட்சையில் இதே இடத்தில் மார்க்கைக் கோட்டை விட்டவன்! இன்மைக் கருதுகோள், அதாவது நாணயம் ஒழுங்கானது என்பது, உண்மை என்று வைத்துக்கொண்டுதானே சோதனையே தொடங்குது? அப்போ சிதறலும் அது சொல்கிற விகிதத்திலிருந்துதான் வரணும். 0.5ஐ 0.5ஆல் பெருக்கி, 40ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுங்க: 0.079. மாதிரியில் கிடைத்த 0.65ஐ நம்பிக்கை இடைவெளி (உண்மை விகிதம் எதற்கும் எதற்கும் இடையே இருக்கலாம் என்கிற மதிப்பீடு) போடும்போது வச்சுக்கோங்க.

பதில் 2:
இசட்டே தோராயம்தானே. ஈருறுப்புப் பரவலில் (40 சுண்டலில் இத்தனை தலை விழ எவ்வளவு வாய்ப்பு என்று தருவது) நேராகவே போட்டுப் பாருங்க. 26ம் அதற்கு மேலும், 14ம் அதற்குக் கீழும், இரண்டு வாலையும் கூட்டினால் பி-மதிப்பு (ஒழுங்கான நாணயத்திலேயே இவ்வளவோ இதற்கு மேலோ விலகல் வரும் வாய்ப்பு) சுமார் 0.08. இது 0.05ஐவிட அதிகம், அதனால் நிராகரிக்க முடியாது.

கேட்டவர்:
அப்போ நாணயம் ஒழுங்கானதுன்னு எழுதிடட்டுமா?

பதில் 1:
ஐயோ, வேண்டாம்! "ஒழுங்கற்றது என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை"ன்னு எழுதுங்க.