ஒரே ஒரு மூலக்கூறு டையோடாக இயங்குமா?

கேள்வி – முதுகலை மாணவி

ஒரு கரிம மூலக்கூறே டையோடாக (மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும் கருவியாக) இயங்கக்கூடும் என்று 1974இல் ஆவிராமும் ராட்னரும் எழுதியதைப் பாடத்தில் படித்தேன். ஒரு முனையில் எலக்ட்ரானை எளிதில் கொடுக்கும் டிடிஎஃப் என்னும் கரிமத் தொகுதி, மறுமுனையில் அதை ஏற்கும் டிசிஎன்கியூ என்னும் தொகுதி, நடுவே இரண்டையும் பிரித்து நிறுத்தும் ஒற்றைப்பிணைப்புப் பாலம் என்னும் அமைப்பு புரிகிறது. ஆனால், ஒரு நானோமீட்டர் அளவே உள்ள பொருளை எப்படிப் பிடித்து மின்னிணைப்புக் கொடுக்கிறார்கள்? இது இன்னும் கணினிச் சில்லுகளுக்குள் வராதது ஏன்?

பதில் – நானோ ஆய்வாளர்

மூலக்கூறை யாரும் பிடிப்பதில்லை. அது தானாக வந்து ஒட்டிக்கொள்ளும்படி இடைவெளியை உருவாக்குகிறார்கள். தங்க ஊசிமுனையைத் தங்கப் பரப்பில் அழுத்தி மெல்லப் பின்னிழுத்தால், தொடர்பு மெலிந்து, அறுபடுவதற்கு முன் ஒற்றை அணுவில் நிற்கும். அப்போது மின்தடை ஏறத்தாழ 12.9 கிலோஓம். அறுந்த இடைவெளியில் கரைசலிலிருந்து ஒரு மூலக்கூறு பாலமாக அமைந்தால், கடத்துதிறன் (மின்தடையின் தலைகீழ்) வரைகோட்டில் அதற்கும் கீழே ஒரு சிறு படி தெரியும். 2003இல் சூ, தாவ் இருவரும் இதை ஆயிரக்கணக்கான முறை செய்து, பைபிரிடின் என்னும் மூலக்கூறுக்கு அந்த ஒற்றை அணுத் தொடர்பின் நூற்றில் ஒரு பங்கு கடத்துதிறன் என்று கண்டார்கள். ஒரே ஒரு அளவீட்டை நம்பி இத்துறையில் எதையும் சொல்லிவிட முடியாது.

பதில் – வேதியியல் ஆசிரியர்

மேலே சொன்னதற்கு ஏற்ற சான்று பென்சீன்டைதயால், அதாவது இரு முனைகளிலும் கந்தகம் கொண்ட பென்சீன் வளையம். 1997இல் ரீட், டூர் குழுவினர் தங்கக் கம்பியை வளைத்து அறுத்து அளந்தபோது கிடைத்த தடை ஏறத்தாழ 22 மெகாஓம். 2004இல் தாவ் குழுவினர் கண்டதோ 1.2 மெகாஓம் அளவுதான். மூலக்கூறு ஒன்றே, வேறுபடுவது தொடர்பு. கந்தகம் ஒரு தங்க அணுவின் தலைமேல் அமர்கிறதா, அணுக்களுக்கு இடையிலுள்ள பள்ளத்தில் அமர்கிறதா என்பதைப் பொறுத்தே எண் மாறுகிறது. கந்தகத்துக்குப் பதிலாக அமீன் (நைட்ரஜன் கொண்ட) முனைகளை வைத்தால் அளவீடுகளின் சிதறல் குறைவதை வெங்கட்ராமன் குழுவினர் 2006இல் காட்டினார்கள்.

கேள்வி – முதுகலை மாணவி

தொடர்பைச் சீராக்கிவிட்டால் டிரான்சிஸ்டர் செய்துவிடலாமா, ஐயா?

பதில் – நானோ ஆய்வாளர்

2009இல் அதே பென்சீன்டைதயாலை ‘வாயில்’ (gate) எனப்படும், மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைக்கும் மூன்றாவது மின்முனையால் கட்டுப்படுத்திக் காட்டிவிட்டார்கள், ஆனால் 4.2 கெல்வின் குளிரில். அறை வெப்பநிலையில் தங்க அணுக்கள் இடம்பெயர்ந்துகொண்டே இருப்பதால் இணைப்பு நெடுநேரம் நிலைப்பதில்லை. கோடிக்கணக்கான இணைப்புகள் ஒன்றுபோல் இயங்கவேண்டிய சில்லுக்கு இது போதாது. என் பார்வையில், இன்று இவ்விணைப்புகளின் பயன் கணினியைவிட, மூலக்கூறு வழியே எலக்ட்ரான் செல்லும் விதத்தை ஆராய்வதில்தான் இருக்கிறது.